ஒப்புக்குச் சப்பாணி இல்லாத விளையாட்டுத் திடல்

சில வருடங்களுக்கு முன் புதிதாகத் திறந்த ஒரு விளையாட்டுத் திடலைப் பார்க்கப் போயிருந்தேன். அகலமான சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, பளிச்சென்ற மஞ்சள் வண்ணம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி யாருடைய உதவியும் இல்லாமல் தானே உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள். ஏறி முடித்ததும் நின்றுவிட்டாள். மேல்தளத்தில் இருந்தவை ஒரு குழாய்ச் சறுக்கும் ஒரு கயிற்று ஏணியும்தான். இரண்டும் அவளுக்கு ஆகாது. கீழே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்த வழியே இறங்கிப் போனாள்.

ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டது போல் காட்டி, கணக்கில் மட்டும் வைக்காமல் விடுவதற்கு நம்மிடம் ஒரு பெயரே இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி. சப்பாணி என்றால் கால் முடங்கியவர் என்பதை விளையாடும்போது யாரும் யோசித்திருக்க மாட்டோம். அந்தச் சாய்தளம் அவளை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் ஆக்கியது. கட்டியவர்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதையும் அங்கே விளையாடுவதையும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் திடல் அமைக்கும் வேலையில் முதன்முறை இறங்குகிற பெற்றோர், ஆசிரியர், குடியிருப்போர் சங்கத்தினர், பொறியாளர் எல்லாருமே பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே வந்த பிள்ளை யாரோடு சேர்ந்து என்ன செய்யும்?

கூட்டத்தில் வரப்போகும் கேள்வி

வேலையைத் தொடங்கும் முன்பே யாராவது ஒருவர் கேட்பார்: "அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள்? அவர்களுக்காக இவ்வளவு செலவா?" வர முடியாத இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது முதல் பதில். இரண்டாவது, இது தயவு சார்ந்த விஷயம் இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. 2006-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாக, மாற்றுத்திறன் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கெடுக்க வழி இருக்க வேண்டும் என்கிறது.

உடல்நலக் கணக்கும் உண்டு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பயிற்சி அறையிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காலை நீட்டு, மடக்கு என்று யாரோ எண்ணிக்கொண்டிருப்பதை எந்தப் பிள்ளையும் விளையாட்டு என்று சொல்லாது.

படி 1: கருவிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்

கருவி விற்பவர்களின் வண்ணப் புத்தகத்தில் தொடங்கினால் அதில் உள்ளதைத்தான் வாங்குவோம். அதற்குப் பதிலாக ஒரு வேலைநாள் மாலையும் ஒரு விடுமுறை நாள் மாலையும், இப்போது இருக்கிற ஏதாவது ஒரு திடலில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். எங்கே வரிசை நிற்கிறது, எங்கே சண்டை வருகிறது, எங்கே பிள்ளைகள் கும்பலாகக் கூடிக் கத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடம்தான் திடலின் நடு. எல்லாருக்குமான கருவி அங்கே இருக்க வேண்டும். 'சிறப்புக் கருவி' என்று ஒன்றை வாங்கி வேலி ஓரத்தில் நிறுத்தினால், அதில் ஏறும் பிள்ளையும் வேலி ஓரத்தில்தான் இருக்கும்.

அடுத்தது கேட்பது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பார்வை குறைந்தவர், காது கேளாதவர், ஆட்டிசம் உள்ளவர், வலிப்பு வருகிறவர், வாக்கர் பிடித்து நடப்பவர் என்று பலரையும் கேளுங்கள். பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லாமல் கூட்டிவருகிற பாட்டி ஊன்றுகோல் பிடிப்பவராக இருக்கலாம். அவரையும் கேளுங்கள்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் "எதுவானாலும் சரிங்க" என்றுதான் பதில் வரும். இத்தனை காலம் எதுவுமே கிடைக்காதவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? "கடைசியாகத் திடலுக்குப் போனபோது ஏன் சீக்கிரம் திரும்பி வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பறை இல்லை, வெயில் தாங்கவில்லை, வாசல் திறந்தே கிடந்ததால் பையன் சாலைக்கு ஓடிவிட்டான், எல்லாரும் முறைத்துப் பார்த்தார்கள் என்று வரிசையாக வரும். இவற்றில் பாதிக்குக் கருவியே தேவையில்லை.

பேச்சு வராத பிள்ளையிடமும் கேட்கலாம். ஊஞ்சல், மணல், சறுக்கு, தண்ணீர் என்று படங்களைப் பரப்பி எடுக்கச் சொல்லுங்கள். அல்லது கையில் ஒரு கைபேசியைக் கொடுத்து, பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கண்ணில் படாத சாக்கடை மூடியும் பயமுறுத்தும் இருட்டுக் குழாயும் அந்தப் படங்களில் இருக்கும்.

படி 2: வாசலிலிருந்து விளையாட்டு வரை ஒரே வழி

வண்டி நிறுத்தும் இடத்தில் தொடங்கி, வாசல் வழியாக, முக்கியமான ஒவ்வொரு கருவி வரைக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் ஒரு தடைகூட இல்லாத பாதை வேண்டும். ஒரே ஒரு படிக்கட்டு, ஒரே ஒரு உயரமான விளிம்புக்கல் போதும், மற்ற எல்லாம் வீணாகிவிடும்.

அளவுகளுக்கு அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரநிலைகளை எடுத்துக்கொள்ளலாம், திடலுக்கென்றே அவற்றில் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் நாட்டுக்கென விதி இருந்தால் அதுதான் செல்லும். தரைப் பாதையின் அகலம் குறைந்தது 1525 மி.மீ., அதாவது 5 அடி. சக்கர நாற்காலி ஒன்று முழு வட்டம் அடித்துத் திரும்ப வேண்டிய அகலமும் அதேதான். சரிவு 16-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. மேல்தளங்களில் பாதை 915 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் ஒரு சாய்தளம் ஒரே மூச்சில் 305 மி.மீ.-க்கு மேல் ஏறக் கூடாது. அந்த உயரத்தில் ஒரு சமதளம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஏற்றம்.

சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 1.6 மீட்டர் நீளத்தில் வளையாத ஒரு பலகையும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத்தில் ஊன்றி, ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும் வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் செங்குத்து அதிகம்.

திடலைச் சுற்றி வேலியும், குழந்தை கைக்கு எட்டாத, ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கும் தாய்க்கு எட்டுகிற தாழ்ப்பாளும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும், உண்மைதான். இரட்டைக் கதவு வைத்துச் சிலர் இதைத் தீர்க்கிறார்கள்: முதல் கதவைத் திறந்து உள்ளே வந்து, அது மூடிய பிறகுதான் இரண்டாவது. வாசல் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. திடீரென்று ஓடுகிற பழக்கம் உள்ள பிள்ளையின் பெற்றோர் அப்போதுதான் ஐந்து நிமிடமாவது நிம்மதியாக உட்கார முடியும்.

படி 3: தரை

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் பணத்தை மிச்சம் பிடிப்பது தரையில். அதிகம் வருந்துவதும் அதற்காகத்தான். தரையிடம் நாம் எதிரெதிரான இரண்டைக் கேட்கிறோம். விழுந்தால் தாங்கும்படி மென்மையாக இருக்க வேண்டும். சக்கரமும் ஊன்றுகோலும் புதையாதபடி உறுதியாகவும் இருக்க வேண்டும்.

மணலும் உருண்டைக் கூழாங்கல்லும் விழுந்தால் தாங்கும், ஆனால் சக்கரம் முன்னால் நகராது, ஊன்றுகோல் உள்ளே போய்விடும். திடலுக்கென்றே நாராகச் சீவித் தயாரிக்கும் மரச்சீவலை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, இறுக்கினால் சக்கர நாற்காலி அதன்மேல் போகும். சிக்கல் என்னவென்றால் ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு முடிகிற இடத்திலும் கால்கள் தேய்த்துத் தேய்த்துக் குழி விழும். சக்கர நாற்காலியிலிருந்து ஊஞ்சலுக்கு மாறுவதும் அதே இடத்தில்தான். அதைச் சமன் செய்து நிரப்ப ஆள் இல்லையென்றால் மரச்சீவலை எடுக்காதீர்கள்.

இடத்திலேயே ஊற்றிப் பரப்பும் ரப்பர் தரையில்தான் நாற்காலி மிக எளிதாக உருளும். விலையும் அதற்குத்தான் அதிகம். வெயிலில் கொதிக்கும், வருடம் போகப்போக இறுகி வெடிக்கும், ஓரங்கள் பெயரும். ரப்பர் ஓடுகளில் பசை விட்டால் விளிம்பு சுருண்டு கால் தடுக்கும். அடர்நிறம் அதிகம் சூடேறும் என்பதால் வெளிர்நிறம் நல்லது. இரண்டையும் கலந்து, முக்கியப் பாதைக்கும் கருவிகளை நெருங்கும் இடத்துக்கும் ரப்பர், மற்ற இடத்துக்கு மரச்சீவல் என்று போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் தடிமன்கூட ஏற்ற இறக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுவதற்கு இதைச் சோதித்தீர்கள்? ஐரோப்பாவில் ஈ.என். 1177, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292 என்ற தரநிலைகள் இதை அளக்கின்றன. உங்கள் மிக உயரமான கருவி அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1951 சோதனை செய்திருக்கிறீர்களா? சக்கர நாற்காலியை அந்தத் தரையில் நேராக ஓட்டவும் திருப்பவும் எவ்வளவு உழைப்பு பிடிக்கிறது என்று அளப்பது அது. சான்றிதழ் கையில் வந்த பிறகும், ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி நீங்களே உட்கார்ந்து கையால் உருட்டிப் பாருங்கள். யாரையும் தள்ளச் சொல்லாதீர்கள். பெரியவர் கைக்கே வலித்தால் எட்டு வயதுக் கைக்கு என்ன ஆகும்?

படி 4: கருவிகள்

முதலில் ஊஞ்சல். திடலில் எதற்குக் கூட்டம் கூடுகிறதோ இல்லையோ, ஊஞ்சலுக்குக் கூடும். வட்டமான கூடை ஊஞ்சல் என்று ஒன்று இருக்கிறது, பெரிய சல்லடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். உட்கார முடியாத பிள்ளை அதில் படுக்கலாம், பக்கத்தில் தம்பி உட்காரலாம், இன்னும் இரண்டு பேர் தொற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதோடு, முதுகும் பக்கமும் தாங்கும் இருக்கை ஒன்றைச் சாதாரண ஊஞ்சல்களின் வரிசையிலேயே மாட்டுங்கள்.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறுகிற மேடை ஊஞ்சலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நாற்காலியை விட்டு இறங்கவே முடியாத பிள்ளைக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அதன் எடை காரணமாகத் தனி வேலி போட்டு, பெரும்பாலும் பூட்டுப் போட்டு வைக்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் வர வேண்டும், பிள்ளை தனியாக ஆட வேண்டும், மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தரை மட்டத்தில் பதித்த ராட்டினம் எனக்குப் பிடிக்கும். விளிம்பும் தரையும் ஒரே மட்டம் என்பதால் நாற்காலி நேராக உள்ளே போகும், சுற்றிவிடுவதற்கும் நாலு பேர் தானாகவே வருவார்கள்.

சறுக்குமரத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை மேலே நாற்காலியை விட்டு இறங்கிச் சறுக்குகிறது. சறுக்கி முடிந்ததும் பிள்ளை கீழே, நாற்காலி மேலே. யார் கொண்டுவருவது? அதுவரை பிள்ளை தரையில் எங்கே உட்கார்ந்திருக்கும்? அடுத்து சறுக்கிவருகிறவர் மேலே வந்து விழுவாரே? செயற்கை மண்மேடு எழுப்பி அதன் சரிவிலேயே சறுக்கைப் பதிப்பது இதற்கு நல்ல தீர்வு. மேட்டைச் சுற்றி வளைந்து ஏறும் பாதையில் நாற்காலி மேலே போகும், பிள்ளை சறுக்கும்போது கூட வந்தவர் அதே பாதையில் நாற்காலியோடு இறங்கிவிடுவார். இருவர் சேர்ந்து உட்காரும் அகலத்தில் சறுக்கை அமைத்து, முடிவில் நகர்ந்து உட்கார ஒரு தாழ்வான திட்டும் வையுங்கள்.

நாற்காலியிலிருந்து கருவிக்கு மாற உதவும் மேடையின் உயரம் 280 முதல் 455 மி.மீ.-க்குள்ளும், அகலம் குறைந்தது 610, ஆழம் 355 மி.மீ.-ஆகவும் இருக்க வேண்டும். கை பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் மேடை ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். கையில் வலு இருக்கும் பிள்ளைதான் அதைப் பயன்படுத்தும்.

மணல் விளையாட்டுக்குக் கால் நுழையும்படி உயர்த்திய மேசை ஒன்று வேண்டும். அடியில் முழங்காலுக்கு 610 மி.மீ. உயர இடம், மேல் விளிம்பு 785 மி.மீ.-க்குள். மேசையைத் தரை மணலை ஒட்டியே வையுங்கள், தரையில் தோண்டுகிறவரும் மேலே கொட்டுகிறவரும் பேசிக்கொள்ளட்டும்.

உள்ளூர் பட்டறையில் கருவி செய்விப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்பிகளுக்கோ பலகைகளுக்கோ நடுவில் உள்ள இடைவெளி 89 மி.மீ.-க்குக் குறைவாகவோ 230 மி.மீ.-க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். நடுவில் உள்ள அளவுகளில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். வலிப்பு காரணமாகத் தலைக்கவசம் போடும் பிள்ளைக்குத் தலை இன்னும் பெரிது என்பதால் இந்தக் கணக்கும் போதாது. அந்தப் பிள்ளை ஏறும் கருவியில் இப்படிப்பட்ட ஓட்டைகளே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பத்திரமாக, தாழ்வாக, மெதுவாக ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை வரும். வேண்டாம். உயரத்தில் நின்று வயிறு கூசுவதும், வேகத்தில் கத்துவதும் இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டும். பிரிட்டனில் லேடி ஆலன் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துகாட்டினார். 1943-இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் தொடங்கிய, பழைய மரத்தையும் உடைசலையும் வைத்துப் பிள்ளைகளே கட்டி விளையாடும் திடலை இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு பார்த்துவிட்டு அந்த யோசனையை லண்டனுக்குக் கொண்டுபோனவர் அவர். 1970-இல் செல்சி பகுதியில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்றே ஒரு சாகசத் திடலைத் திறக்க வைத்தார். இன்று நாம் தனித் திடல் கேட்பதில்லை. ஆனால் ஆபத்தே இல்லாத விளையாட்டு விளையாட்டாகாது என்ற அவர் பிடிவாதத்தை வைத்துக்கொள்ளலாம்.

படி 5: கண்ணுக்குத் தெரியாத தேவைகள்

சாய்தளத்தைப் படம் பிடித்துப் போடலாம், அமைதியைப் படம் பிடிக்க முடியாது. அதனால்தானோ என்னவோ இந்தப் பகுதி எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தம், கூட்டம், எதிர்பாராத தொடுதல் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்தில் தாங்காமல் போகும். அப்போது ஒதுங்க ஒரு மூலை வேண்டும். தாழ்வான கூரை, பாதி மறைப்பு, இருவர் உட்காரும் இடம் போதும். அங்கிருந்து விளையாட்டு தெரிய வேண்டும், தெரிந்தால்தான் மனம் ஆறித் திரும்பி வரத் தோன்றும். பெரியவர் கண்ணுக்கும் உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும். மணி, மேளம் போன்ற ஒலிக் கருவிகளை எதிர்மூலையில் வையுங்கள். வாசலிலேயே திடலின் எளிய வரைபடத்தைப் படங்களோடு வைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிள்ளை நுழையும். 'என் முறை', 'நிறுத்து', 'இன்னொரு தடவை', 'கழிப்பறை', 'வலிக்கிறது' போன்றவற்றைப் படத்தோடு எழுதிய பலகை ஒன்றை நடுவில் நட்டுவையுங்கள். பேசாத பிள்ளை விரல் வைத்துக் காட்டும். பேசுகிற பிள்ளைகளும் அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பார்வை குறைந்த பிள்ளைக்கு நிறத்தின் அழகைவிட நிற வேறுபாடு முக்கியம். படியின் விளிம்பு, ஊஞ்சல் ஆடும் எல்லை, சறுக்கின் வாய் இவையெல்லாம் சுற்றியுள்ள நிறத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். தரையில் வட்டமும் கோடுமாகக் கண்டபடி கோலம் போட்டால் அது பள்ளமா ஓவியமா என்று அவர்களுக்குத் தெரியாது. ஊஞ்சலை நெருங்கும் இடத்தில் தரையின் சொரசொரப்பை மாற்றினால் கால் எச்சரிக்கும்.

காது கேளாத பிள்ளைக்கு எதிரே இருப்பவர் முகமும் கையும் தெரிய வேண்டும். இருக்கைகளை வரிசையாகப் போடாமல் வளைவாகப் போடுங்கள். காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது அறுவை செய்து காதுக்குள் வைக்கும் செவிக்கருவி, பொருத்திய பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம்: பிளாஸ்டிக் சறுக்கில் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும், அது வெளியே மாட்டியிருக்கும் கருவியைப் பாதிக்கக்கூடும். அதைக் கழற்றிவிட்டுச் சறுக்கினால் அந்த நேரம் காது கேட்காது. எஃகுச் சறுக்கில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வெயிலில் சுடும். நிழலில் ஓர் எஃகுச் சறுக்கு என்பது இரண்டுக்கும் சரியாக வரும்.

கழிப்பறை பற்றி ஒரு வரி: பெரிய பிள்ளையைப் படுக்க வைத்து உடை மாற்றும் அகலமான பலகை இல்லையென்றால், பெற்றோர் கழிப்பறைத் தரையில் துணி விரிக்க வேண்டியிருக்கும். நிழல், குடிநீர், பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடம்விட்ட பெஞ்சு, இவையும் கருவிகளுக்குச் சமமானவை.

படி 6: விளையாட வைப்பது

திடல் தயாராகிவிட்டால் பிள்ளைகள் தாமாகக் கலந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் கலப்பார்கள், சிலருக்கு ஒரு சின்னத் தூண்டுதல் வேண்டும். அதற்கு உடற்கல்வி ஆசிரியர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று இருக்கிறது. ஆட்டம் ஒருவருக்குச் சரிவரவில்லையென்றால் நான்கில் ஒன்றை மாற்று என்கிறது அது: இடம், செய்ய வேண்டிய வேலை, கருவி, ஆட்கள்.

ஓடிப்பிடித்து விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். வாக்கர் பிடித்து நடக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். இடத்தை மாற்றலாம், எல்லைக்கோட்டைச் சுருக்கினால் ஓடுகிறவர்களுக்குத் தப்புவது கடினமாகும். வேலையை மாற்றலாம், எல்லாரும் ஒரு காலை இன்னொரு காலின் முன் ஒட்டிவைத்துத்தான் நடக்க வேண்டும். கருவியை மாற்றலாம், பிடிக்கிறவர் கையில் நீளமான ஸ்பாஞ்சுக் குழல் ஒன்றைக் கொடுத்து அது பட்டாலே அவுட் என்று வைக்கலாம். ஆட்களை மாற்றலாம், இருவர் கைகோத்துப் பிடிக்கட்டும். கவனியுங்கள், இவை எதிலும் அவனுக்கு மட்டும் சலுகை இல்லை. "நீ அவுட்டானாலும் பரவாயில்லை" என்று ஒருவனிடம் மட்டும் சொன்னால் மற்றப் பிள்ளைகள் அடுத்த நிமிடமே அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பழைய ஒப்புக்குச் சப்பாணிதான் அது.

பந்து விளையாட்டில் பந்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. மெதுவாக வரும் காற்றடைத்த பெரிய பந்து, பிடிக்கத் தடுமாறும் கைக்கு நேரம் கொடுக்கும். பார்வையில்லாத பிள்ளைக்கு ஒலிக்கும் பந்து வேண்டும். கிடைக்கவில்லையென்றால் சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், உருளும்போது சரசரக்கும். கோல்பால் என்ற ஆட்டம் முழுக்க இந்த அடிப்படையில் நடப்பது. இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவானது, 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்துக்குள் மணி இருக்கும், ஆடுகிறவர் எல்லாரும் கண்ணைக் கட்டியிருப்பார்கள். பார்வை உள்ள பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ந்தால் யார் வல்லவர் என்பது சட்டென்று தலைகீழாகும்.

போச்சா என்று இன்னொன்று. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அது 1984 முதல் பாராலிம்பிக்கில் உள்ள விளையாட்டு. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தை நிறுத்துகிறவர் வெல்வார். கையால் எறிய முடியாதவர் ஒரு சரிவான தடத்தின் வழியாகப் பந்தை உருட்டிவிடலாம். பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் அந்தத் தடம் தயார்.

பெரியவர்களின் வேலை, கொஞ்சம் தள்ளி நிற்பது. பிள்ளை எதையாவது முயலும்போது மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டாவது எண்ணுக்குள் அதுவே வழி கண்டுபிடித்துவிடும் பல நேரம். உதவ வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். நாற்காலியைக் கேட்காமல் தள்ளுவது ஒருவரைக் கேட்காமல் தூக்குவது போல. "அவனுக்கு ஏன் கால் வராது?" என்று ஒரு குழந்தை கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "அவனிடமே கேள், சொல்ல விருப்பமிருந்தால் சொல்வான்" என்பது நல்ல பதில். கேட்ட அடுத்த நொடி இருவரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். கட்டம் போட்டுத் தாவும் ஆட்டத்தை நொண்டி என்றும் சொல்கிறோம், பாண்டி என்றும் சொல்கிறோம். இரண்டாவது பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

சில உடல்நிலைகளைப் பற்றிப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்வாக இருக்கும் என்பதால் குட்டிக்கரணம், டிராம்போலின் இரண்டுக்கும் மருத்துவர் ஒப்புதல் வேண்டும். தண்டுவடப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு லேடெக்ஸ் எனும் இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு, பலூன் கொண்டுவரும் முன் விசாரியுங்கள். காலில் உணர்ச்சியே இல்லாத பிள்ளைக்குச் சறுக்கு சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நாம் பார்ப்போம். வெயில் நேரத்தில் ஒவ்வொரு கருவியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை உயரத்தில் ஏறும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், ஏறவே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால்

முதலில் வாசல் படியை எடுத்துச் சரிவாக்குங்கள், வேலியில் உள்ள திறப்புகளை அடைத்துவிடுங்கள். அடுத்து, வாசலிலிருந்து திடலின் நடுவரை உறுதியான ஒரு பாதை. அதன் முடிவில் ஒரு கூடை ஊஞ்சல். அதன் பக்கத்தில் உயர்த்திய மணல் மேசை, ஒரு மரநிழல். படப் பலகையை ஒரு மாலைப் பொழுதில் நீங்களே செய்துவிடலாம், சரசரக்கும் பந்தும் குழாய்த் தடமும் அப்படியே. பெரிய சாய்தளமும் மேல்தளமும் பிறகு வரட்டும். தரை மட்டத்தில் நல்ல விளையாட்டு நிறைய இருந்தால் அது இல்லாத குறையே தெரியாது.

திறந்த பிறகு

வாரம் ஒருமுறை ஒருவர் திடலைச் சுற்றிவர வேண்டும். ஊஞ்சலுக்கு அடியில் குழி, சறுக்கின் முடிவில் குழி, பெயர்ந்த ரப்பர் ஓரம், தொங்கும் தாழ்ப்பாள், பாதையை மறித்து நிறுத்திய இருசக்கர வண்டி என ஐந்தையும் பார்த்தால் பெரும்பாலான பிரச்சினைகள் அகப்பட்டுவிடும். மழை விட்ட மறுநாள் கட்டாயம் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைக் கட்டி முடிக்கும்வரை எந்த வரைபடமும் காட்டாது. மேசைக்கு அடியில் குளம் கட்டியிருந்தால் அன்று சக்கர நாற்காலிக்காரருக்கு மணல் விளையாட்டு கிடையாது.

ஆறு மாதம் கழித்து, முதல் படியில் படம் எடுத்துக் கொடுத்த அதே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மறுபடியும் கைபேசியைக் கொடுத்து, பிடித்ததையும் பிடிக்காததையும் எடுக்கச் சொல்லுங்கள். இம்முறை படங்களில் வேறொன்றையும் தேடுங்கள்: எத்தனை படத்தில் இன்னொரு பிள்ளையின் முகம் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.